நூறு வருட வீட்டைப் பக்கத்துக் கல்லூரிக்கு விற்றபோது

பாளையங்கோட்டையில் கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டை, மதிலை ஒட்டியிருக்கும் கல்லூரிக்கு 2024 நவம்பரில் கிரயம் செய்து கொடுத்தோம். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் போன் பண்ணி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "எங்க வீட்டை ஒட்டியும் ஒரு ஸ்கூல் இருக்கு, ரொம்ப நாளா கேட்கிறாங்க. எப்படிக் கொடுக்கிறது?" பக்கத்தில் ஆஸ்பத்திரி, கோயில் டிரஸ்ட் என்று இருப்பவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பேசியதைச் சேர்த்து எழுதினால் இன்னும் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை, கடைசியாகப் பேச வேண்டிய விஷயம். வீடு யார் யாருடையது என்பது முதலில் குடும்பத்துக்குள் தீர வேண்டும். அடுத்தது, வீட்டில் எது நம்மோடு வரும், எது அவர்களோடு போகும் என்பது எழுத்தில் வர வேண்டும். இந்த இரண்டும் முடிந்துவிட்டால் விலை தானாக ஒரு இடத்தில் வந்து நிற்கும்.

கொள்ளுத்தாத்தா கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் சுடப்பட்டது 1911 ஜூனில். அதற்கு அடுத்த வருடம் மனை வாங்கியதாக வீட்டில் சொல்வார்கள், பத்திரமும் 1912 என்றே காட்டுகிறது. தெருவை ஒட்டித் தார்சா என்கிற முன் தாழ்வாரம், உள்ளே பட்டாசல் என்கிற கூடம், அரங்கு என்கிற உள்ளறை, இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசலில் கிணறு. முன்கட்டுக்கு மெட்ராஸ் தெரசு. தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாகச் சாய்த்துக் கட்டிய தளம் அது. பின்கட்டுக்கு ஓடு.

இப்படிப்பட்ட தளத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது இப்போது பெரும்பாடு. சிமெண்ட் பூசினால் ஒழுகாது என்று பலர் சொல்வார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மை உள்ளது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உத்திரத்தின் தலைப்பு உளுக்க ஆரம்பிக்கும். அப்பா இருந்தவரை சுண்ணாம்பு அரைத்துத்தான் வேலை பார்த்தார். 2019-ல் அவர் போன பிறகு அங்கே யாரும் குடியில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த மழையில் பின்கட்டின் ஒரு சுவர் உட்கார்ந்துவிட்டது. ஆள் இல்லாத வீட்டைக் காப்பாற்ற முடியாது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

கல்லூரி அதற்கு முன்பே பலமுறை கேட்டிருந்தது. செயலர் வந்து பேசியபோது முதலில் கேட்டது விலையை அல்ல: "எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் எங்கள் வேலையில் பாதிக்கு மேல். 1948-ல் நடந்த பாகப்பிரிவினையில் வீடு தாத்தாவின் பங்குக்கு வந்தது. தாத்தா 1979-ல் உயில் எழுதாமல் இறந்தார், ஆச்சி 1991-ல். பிள்ளைகள் மூன்று பேர்: பெரியப்பா, அப்பா, அத்தை. பெரியப்பா இல்லை, அவர் பிள்ளைகளில் அண்ணன் சிங்கப்பூரில், அக்கா கோயம்புத்தூரில். எங்கள் கிளையில் அம்மா, நான், தம்பி. அத்தைக்கு 80 வயதுக்கு மேல் ஆகிறது, மகளோடு பெருமாள்புரத்தில் இருக்கிறார்.

அத்தைக்கு எவ்வளவு என்பதில்தான் பேச்சு சூடாயிற்று. அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1962-ல். "அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு, ஒரு தொகையைக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கலாம்" என்று உறவில் பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. வக்கீல் பொறுமையாக விளக்கினார். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை வந்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. அந்தக் கணக்கில் அத்தை வெளியே நின்றார். 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்க்கவில்லை. அந்தத் தேதியில் அந்த மகளின் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. எங்களுக்கு 1948-க்குப் பிறகு அப்படி எதுவும் இல்லை. ஆக, மூன்று கிளைக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. கிளைக்குள் பிரிந்துபோகாமல் முழுப் பங்கும் ஒருவர் கைக்கே வருவது அத்தைக்கு மட்டும்தான்.

அத்தை அதிகம் பேசவில்லை. "நகை எங்க அப்பா போட்டது. இந்த வீட்டுல நான் பொறந்தேன். ரெண்டையும் எதுக்கு ஒண்ணாச் சேக்கிய?" என்றார். எனக்கு அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் அவர் பங்கு அவருடையதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது மட்டுமல்ல, வயதானவர்களைச் சமாதானப்படுத்திக் கையெழுத்து வாங்கினால், பின்னால் அவர்கள் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போகும்போது வாங்கியவர் தலையிலும் விழும், விற்றவர் தலையிலும் விழும். கல்லூரி மாதிரி நிறுவனங்களின் வக்கீல்கள் பெண் வாரிசுகளின் கையெழுத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து, பங்கு விவரத்தை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்ட பிறகுதான் கல்லூரிக்குப் பதில் சொன்னோம்.

அப்புறம் காகிதங்கள். தாத்தா, ஆச்சி, பெரியப்பா, பெரியம்மா, அப்பா என்று ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பழைய இறப்புகள் பதிவாகாமல் இருந்தால் அதற்கே தனியாக அலைய வேண்டியிருக்கும், அதனால் விற்கும் எண்ணம் இல்லாதவர்கள்கூட இந்த ஒரு வேலையை இப்போதே முடித்து வைப்பது நல்லது. வில்லங்கச் சான்று அண்மைக் காலத்துக்கு இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, கையால் எழுதிய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். மூலப்பத்திரம் எங்களிடம் இருந்தது. பெரியப்பா அதைத் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார், அந்தப் புண்ணியம் அவரைச் சேரும்.

பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. பட்டா மட்டும் வைத்து உரிமையை நிலைநாட்ட முடியாது, ஆனால் அது சரியில்லாமல் விற்கவும் முடியாது. ஊர் நகரப் பகுதி என்பதால் எங்களுக்கு நகர நில அளவைப் பதிவேடுதான் கணக்கு. பாளையங்கோட்டை தனி நகராட்சியாக இருந்து, 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சியில் சேர்ந்தது. அந்த மாற்றத்தில் எங்கள் வீட்டு வரி ஒரு பெயரிலும் தண்ணீர் வரி இன்னொரு பெயரிலும் நின்றன. மின் இணைப்பு கடைசிவரை தாத்தா பெயரில்தான்.

நிலத்தை அளந்தபோதுதான் சுவாரசியமான விஷயம் வந்தது. 1912 பத்திரத்தில் சென்ட் கணக்கு கிடையாது. செக்குபந்தியும் (நான்கு பக்கத்து எல்லை விவரம்), கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்ற அளவும்தான். நகர அளவை வரைபடத்தை வைத்துச் சர்வேயர் அளந்தபோது, கல்லூரியின் மதில் ஒரு பக்கம் எங்கள் எல்லைக்குள் கொஞ்சம் வந்திருப்பது தெரிந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. எப்போதோ பழைய மண்சுவர் விழுந்து, புதிதாகக் கட்டும்போது கயிறு சற்றுத் தள்ளிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் அதைச் சண்டையாக்காமல் வரைபடத்தை மேசையில் வைத்தோம். மதில் நின்ற பட்டைக்கும் சேர்த்துத்தான் விலை என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நீளமான மதிலில் ஒரு அடி உள்ளே வந்திருந்தாலே கால் சென்ட், அரை சென்ட் என்று போய்விடும். பக்கத்து நிறுவனத்துக்கு விற்பவர்கள், விலை பேசும் முன் இரண்டு தரப்பும் நிற்க அளந்துவிடுங்கள். தனியார் நிலத்தில் 12 வருடத்துக்கு மேல் எதிர் அனுபோகம் (பிறர் நிலத்தைத் தனதாகவே அனுபவித்தது) என்று ஒருவர் வாதாட இடமுண்டு என்பதால், விற்காதவர்களும் அவ்வப்போது எல்லைக்கல்லைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூர் அண்ணனால் வர முடியவில்லை. அங்கேயே பவர் பத்திரம் எழுதி, இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. பவரில் விற்கும்போது எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் பதிவு நேரத்தில் கேட்பார்கள். அது புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும், ஆகவே பதிவுத் தேதி முடிவான பிறகு அதற்குச் சொல்லிவிடுங்கள்.

இனி கல்லூரியைப் பற்றி. தனி மனிதரிடம் விற்பதற்கும் நிறுவனத்திடம் விற்பதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், எதிரில் உட்கார்ந்து பேசுபவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது என்பதுதான். முதல்வர் மிக நல்ல மனிதர், வீட்டுக்கு வந்து தூண்களைத் தொட்டுப் பார்த்து, "இதை அப்படியே வெச்சுக்கலாம்" என்றார். ஆனால் சொத்தை வாங்குவது கல்லூரி அல்ல, கல்லூரியை நடத்தும் சங்கம் அல்லது அறக்கட்டளை. பத்திரம் அதன் பெயரில்தான் எழுதப்படும். ஆட்சிக் குழு கூடி, இன்ன சொத்தை இன்ன விலைக்கு வாங்கலாம், இன்னார் கையெழுத்திடலாம் என்று தீர்மானம் போட வேண்டும். முதல்வர் மாறுவார், செயலர் மாறுவார், தீர்மானப் புத்தகம் மாறாது. எங்களுக்கு வேண்டியது எதுவானாலும் தீர்மானத்தில் வரட்டும், அதன் நகல் கைக்கு வரட்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். அவன் பிடிவாதம்தான் பின்னால் கை கொடுத்தது, ஏனென்றால் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முதல்வர் ஓய்வு பெற்றுவிட்டார்.

வீட்டை இடிக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுத முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் ஆசை. முடியாது என்பதுதான் நேர்மையான பதில். 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, ஒரு சொத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு, அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனை செல்லாது. விற்பவருக்குப் பக்கத்திலேயே வேறு நிலம் இருந்து, அதன் நன்மைக்காகப் போடும் கட்டுப்பாடு மட்டும் விதிவிலக்கு. நாங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெளியேறுகிறோம், அந்த விதிவிலக்கும் இல்லை. 2012-ல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் வந்தது உண்மைதான், ஆனால் பழைய வீடு என்ற ஒரே காரணத்துக்காக எந்த வீட்டுக்கும் பாதுகாப்பு வந்துவிடாது, அரசு அதை மரபுக் கட்டடமாக அறிவிக்க வேண்டும்.

ஆகவே கிரயப் பத்திரத்தில் ஆசைகளை எழுதாமல், செய்து முடிக்கக்கூடியவற்றை முன்னதாகவே கேட்டோம். இடிப்பதற்கு முன் வீட்டை முழுக்க அளந்து வரைபடம் போடவும் படம் எடுக்கவும் அனுமதி. முன்கட்டின் உறுதியை ஒரு கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே அதைப் பற்றி முடிவு. கிணற்றை மூடாமல் மழைநீர் இறங்கும் கிணறாக வைத்துக்கொள்வது. இவை மூன்றும் அவர்கள் தீர்மானத்தில் வந்தன. சட்டப்படி கடைசி இரண்டும் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நிறுவனத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை அடுத்து வருபவர் காரணம் சொல்லாமல் மாற்றுவது கஷ்டம். வரைபடம் மட்டும் எங்கள் கையில் இருந்த வேலை, அதைக் கிரயத்துக்கு முன்பே முடித்துவிட்டோம். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் இருவர் வந்து, தூணின் போதிகையிலிருந்து அரங்குக் கதவின் தாழ்வரை அளந்து கொடுத்தார்கள்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை புறவாசலில் இருந்த பூடம். குடும்பத்தில் கன்னியாகவே இறந்துபோன ஒரு பெண்ணுக்கு வைத்தது, வருடம் தவறாமல் படைப்பு உண்டு. "பூடத்தை விட்டுட்டுப் போங்க, நீங்க வந்து கும்பிட்டுக்கலாம்" என்று கல்லூரி அன்போடுதான் சொன்னது. நான் வேண்டாம் என்றேன். இன்றைக்கு இருப்பவர்கள் கதவைத் திறந்துவிடுவார்கள். இருபது வருடம் கழித்து விடுதிக் காவலரிடம் நின்று என் தம்பி மகன் அனுமதி கேட்க வேண்டும், அவர்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் மனத்தாங்கல். முறைப்படி படைத்து, பிடிமண் எடுத்து, அத்தை வீட்டுத் தோட்டத்தில் புதிதாகப் பூடம் வைத்தோம். இது கிரயத்துக்கு முன்பே நடந்தது. வழிபாட்டு இடத்தை விற்ற நிலத்துக்குள் வைத்துவிட்டு வருவது இரு தரப்புக்கும் நல்லதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதே போலப் பொருள்கள். வீட்டை விற்றால் கதவு, ஜன்னல், பூட்டு, சாவி, நிரந்தரமாகப் பொருத்தியவை எல்லாம் வீட்டோடு போகும் என்று அதே சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. வேறு மாதிரி வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அரங்கு வீட்டுக் கதவு, பட்டாசல் ஊஞ்சலும் அதன் சங்கிலியும், ஆட்டுக்கல், அம்மி, தார்சாவின் இரண்டு மரத்தூண்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, 'இவை நீங்கலாக' என்று எழுதினோம். தூண்களை எடுக்கலாமா என்று ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டதில், எடுத்தால் தளம் தாங்காது என்றார். விட்டுவிட்டோம். பழைய வீடு கைமாறுகிறது என்று தெரிந்ததும் தேக்கு வாங்குபவர்களும் பழம்பொருள் வியாபாரிகளும் வந்துவிடுவார்கள், காரைக்குடியிலிருந்துகூட வருவார்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஒரு ஜன்னலைக் கழற்றி விற்றாலும் அது வாங்குபவரின் பொருளை விற்றதாகும் என்பதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

மச்சில் கிடந்த காகிதங்களை எடைக்குப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கச்சேரிக் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கணக்கு நோட்டுகள், ஓலைச்சுவடிகள் எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நூல்களையும் சிறு அச்சுத் தாள்களையும் காக்கிறது, சுவடிகளுக்கு அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. 75 வருடத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடிகளும், 100 வருடத்துக்கு மேற்பட்ட சிலை போன்ற பொருள்களும் 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை இஷ்டத்துக்கு விற்க முடியாது.

முன்பக்க அறையில் தையல்காரர் ஒருவர் நெடுங்காலமாகக் கடை வைத்திருந்தார். அவருக்குப் பொதுப் பணத்திலிருந்து ஒரு தொகை கொடுத்து, அடுத்த தெருவில் இடம் பார்த்துக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டோம். அவரை வைத்துக்கொண்டே விற்றிருந்தால் விலை குறைந்திருக்கும், அவர் நிலைமையும் மோசமாகியிருக்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் விலை. பக்கத்து நிறுவனத்துக்கு நம் நிலம் மற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படும். அவர்கள் வளாகத்தோடு ஒட்டிய நிலம் இன்னொரு இடத்தில் கிடைக்காது. அதே சமயம், அந்த மதிப்பைத் தரக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் வேண்டாம் என்றால் சாதாரணச் சந்தை விலைதான். அதனால் ஒரு அடுக்குமாடிக் கட்டுநரிடம் உண்மையாகவே விலை கேட்டு வைத்துக்கொண்டோம், அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கையும் வாங்கினோம். இரண்டையும் மறைக்காமல் காட்டினோம். பழைய கட்டடத்துக்கு வாங்குபவர் விலை போட மாட்டார், இடிக்கும் செலவைக் கழிக்கத்தான் பார்ப்பார். தேக்கின் மதிப்பைத் தனியாக மதிப்பிட்டு வைத்திருந்ததால் அந்தக் கழிவு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. தரகர்கள் யாரும் இல்லை என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதினோம். இது நல்ல வேலை செய்தது, பின்னால் கமிஷன் கேட்டு வந்தவர்களிடம் அந்த வரியைக் காட்டினோம்.

நிறுவனம் வாங்குவதில் எனக்கு மிகப் பிடித்தது, முழுத் தொகையும் வங்கி வழியே வந்தது. அவர்கள் கணக்கு தணிக்கைக்குப் போவதால் விலையைக் குறைத்துக் காட்டும் பேச்சே எழவில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் அவர்கள் செலவு. கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம், ஆனாலும் வெறும் பத்திரத்தில் எழுதிக் கொடுத்து வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வருமான வரியைப் பற்றி ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் போய்விடுங்கள். 2001 ஏப்ரல் 1-க்கு முன் குடும்பத்துக்கு வந்த சொத்து என்றால், அந்தத் தேதியின் மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம், பணவீக்கக் கழிவு இல்லை. இந்தியாவில் வசிப்பவர்கள் அந்தத் தேதிக்கு முன்பே கைக்கு வந்த வீடு, நிலத்துக்கு மட்டும், பழையபடி பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். உதாரணமாக 2001 மதிப்பு 10 லட்சம், விற்ற விலை 80 லட்சம் என்று வையுங்கள். 2024-25-ன் பணவீக்கக் குறியீடு 363 (2001-02-ஐ 100 என்று வைத்து). பழைய கணக்கில் 80-லிருந்து 36.3 போக 43.7 லட்சத்துக்கு 20 சதவீதம், 8.74 லட்சம். புதிய கணக்கில் 70 லட்சத்துக்கு 12.5 சதவீதம், 8.75 லட்சம். விற்ற விலை 2001 மதிப்பைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு என்பதுதான் திருப்பம். அதைவிடக் கூடுதலாக விற்றால் புதிய கணக்கு லாபம், குறைவாக விற்றால் பழையது. நகரத்து நடுவில் இருக்கும் மனைகளுக்குப் பொதுவாக எது என்று சொல்ல முடியாது, ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தத் தேர்வு கிடையாது. அதோடு, 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரயத்தில் இங்கே இருப்பவர்களின் பங்கில் 1 சதவீதம்தான் டிடிஎஸ் (விலையிலிருந்தே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், அண்ணன் மாதிரி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மிக அதிகம். வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் முன்கூட்டியே வாங்கினால்தான் தொகை கைக்கு வரும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எங்களில் அம்மாவும் அக்காவும் லாபத்தை வேறு வீடு வாங்குவதில் போட்டார்கள், அதற்கு விற்ற பிறகு இரண்டு வருடம் நேரம் உண்டு. நான் குறிப்பிட்ட அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் போட்டேன். அதற்கு வரம்பு 50 லட்சம், ஐந்து வருடம் எடுக்க முடியாது.

பதிவு நாளில் அத்தையால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர முடியவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு அலுவலரே வீட்டுக்கு வந்து கையெழுத்தும் ரேகையும் வாங்க வழி இருக்கிறது. முன்னதாக மனுவும் டாக்டர் சான்றும் கொடுத்து, கட்டணம் கட்டினால் போதும். இது தெரியாமல் படுக்கையில் இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அத்தை நிதானமாகப் பத்திரத்தை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார். அவர் பங்கு அவர் பெயரில் உள்ள தனிக் கணக்கில் விழுந்ததை வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டு அவர் கையிலேயே கொடுத்தோம். பொதுவாக ஒருவர் கணக்கில் மொத்தத்தையும் வாங்கிப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று எந்தக் குடும்பமும் நினைக்க வேண்டாம்.

இப்போது பின்கட்டு இல்லை, அங்கே விடுதி எழும்புகிறது. பொறியாளர் அறிக்கையில் முன்கட்டு நன்றாக இருக்கிறது என்று வந்ததால் அதைக் கல்லூரி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டது, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களை வைத்துத் தளத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் மிச்சமிருந்தது மின் இணைப்பின் வைப்புத் தொகையைத் திரும்ப வாங்குவதும், மாநகராட்சி வரிப் பதிவில் பெயர் மாறியதா என்று பார்ப்பதும்தான். பெயர் மாறாமல் இருந்தால் நோட்டீஸ் நமக்குத்தான் வரும். கிரயப் பத்திர நகல், டிடிஎஸ் சான்றுகள், 2001 மதிப்பீட்டு அறிக்கை, தீர்மான நகல், வீட்டு வரைபடம் எல்லாம் ஒரு கோப்பு தம்பியிடமும் ஒரு கோப்பு என்னிடமும் இருக்கின்றன.